மெதோக் பயணக் குறிப்புகள்: லாதூர் ஒயினுக்கு எத்தனை ஆயுசு?

திங்கள், போர்டோ

பாரிஸில் டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் தென்மேற்கு பிரான்சின் போர்டோ வந்துவிடுகிறது. ஸ்டேஷனில் மாமா காருடன் நின்றிருந்தார். மனைவியின் தாய்மாமா, காரைக்காலில் பிறந்தவர், வேலைக்கென்று இங்கே வந்து இந்த ஊரிலேயே ஓய்வும் பெற்றுவிட்டார். "மாப்ள, ஊர் சுத்திப் பாக்க வந்தீங்களா, ஒயினைப் பாக்க வந்தீங்களா?" என்றார். ஒயினைத்தான் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

என் கேள்வி ஒன்றுதான். திராட்சைச் சாறு புளித்து உண்டாகும் ஒரு பானம் ஐம்பது, அறுபது வருடம் எப்படிக் கெடாமல் இருக்கிறது, கெடாமல் இருப்பதோடு நிற்காமல் மேலும் மேலும் எப்படி நன்றாகிறது? எல்லா ஒயினும் அப்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியது, வைத்திருந்தால் வீணாகத்தான் போகும். நீண்ட ஆயுள் உள்ளவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் மிகப் பிடிவாதமானது என்று பெயர் எடுத்தது போர்டோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில், பொயாக் ஊரில் விளையும் ஷாத்தோ லாதூர் (ஷாத்தோ என்றால் இங்கே ஒயின் செய்யும் தோட்டமும் அதன் மாளிகையும்). அதைச் சுற்றித்தான் இந்த வாரம் முழுக்க.

மாலையில் ஷார்த்ரோன் பகுதியில் நடந்தோம். ஆற்றங்கரையை ஒட்டிய பழைய வணிகர் தெரு இது. ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், டச்சுக்காரர், ஜெர்மானியர் என்று பலரும் வந்து குடியேறி ஒயின் வியாபாரம் செய்த இடம். வீட்டின் முன்பக்கம் குறுகல், பின்னால் பீப்பாய் அடுக்க நீண்டுகொண்டே போகும் கிடங்கு. இந்த ஊரின் செல்வத்தில் அடிமை வியாபாரத்தின் பங்கும் உண்டு, அகித்தேன் அருங்காட்சியகத்தில் அதை மறைக்காமல் காட்டியிருக்கிறார்கள். அழகான கல் கட்டடங்களைப் பார்த்து வியக்கிற யாரும் அந்த அறைகளுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

1855 வரிசையைப் பற்றிக் கொஞ்சம். பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்டோவின் தரகர்கள் அதுவரை சந்தையில் கிடைத்த விலையை வைத்து மெதோக் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் படியில் லாஃபித், லாதூர், மார்கோ, அப்புறம் மெதோக்குக்கு வெளியே இருந்தும் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஓ பிரியோன். மூட்டோன் ரோத்சில்ட் 1973-இல் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. பெரிய மாற்றம் என்றால் அது ஒன்றுதான். முதல் படியில் உள்ள ஐந்தில் மூன்று பொயாக் என்ற ஒரே சின்ன ஊரில் இருக்கின்றன.

செவ்வாய், டி2 சாலை

போர்டோவிலிருந்து வடக்கே டி2 சாலை. அரண்மனை, திராட்சைத் தோட்டம், மறுபடி அரண்மனை. மார்கோ தாண்டி, பெய்ஷ்வெல் தாண்டி, சேன் ஜூலியன் வந்துவிட்டது. நிலம் பார்க்கச் சாதாரணம்தான். மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, தட்டையாகக் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வந்து வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கும்வரை இதில் பெரும்பகுதி சதுப்பு நிலமாகவே கிடந்தது.

சேன் ஜூலியனில் மாமா காரை ஓரமாக நிறுத்தி ஒரு தோட்டத்தைக் காட்டினார். நம் ஊர் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து அடிக்கிறார்களே, அது இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. சாலையில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க ஓரத்துக் கொடிகளில் நீலமாக எதையோ தெளித்திருந்தார்கள். அடிச்சாம்பல் நோய் வந்த வருடம் அந்தக் கொடிகளின் இலை மட்டும் உதிராமல் நிற்பதை மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் 1880-களில் கவனித்தார். காவிரிப் படுகையின் வெற்றிலைக் கொடிக்காலில் இன்றைக்கும் தெளிக்கிற மருந்தின் ஊர் இது என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

சின்ன ஓடை ஒன்றைத் தாண்டினால் பொயாக் எல்லை. வலது பக்கம் லாதூர்.

படத்தில் பார்த்த அந்த வட்டக் கோபுரம் கொடிகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது. நூறாண்டுப் போர்க்காலத்தில் இங்கே இருந்த காவல் கோட்டை எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது நிற்பது 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புறாக்கூண்டு. உள்ளே எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபத்தில் அனுமதி கிடைப்பதில்லை, பெரும்பாலும் ஒயின் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான். சாலையிலிருந்தே பார்த்தோம், அதுவே போதுமாக இருந்தது, ஏனென்றால் நான் பார்க்க வந்தது மண்ணை.

மண் என்றே சொல்ல முடியாது. கூழாங்கல். கோழிமுட்டை அளவில், சில இடங்களில் அதைவிடப் பெரிதாக, வெள்ளையும் பழுப்புமாக, கொடியின் அடித்தண்டு வரைக்கும் நெருக்கிக் கிடக்கிறது. சாலையோரம் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தேன். பிற்பகல் வெயிலில் நல்ல சூடு. மழை பெய்தால் தண்ணீர் மேலே தங்காமல் இறங்கிவிடும், பகலில் வாங்கிய சூட்டைக் கல் ராத்திரியில் கொடிக்குத் திருப்பித் தரும், கீழே களிமண் இருப்பதால் கோடையில் வேருக்கு ஈரமும் கிடைக்கும். கபர்னே சோவின்யோன் தாமதமாகப் பழுக்கிற ரகம், இந்தச் சூடு இல்லாவிட்டால் இவ்வளவு வடக்கே அது முழுசாகப் பழுக்காது. ஷாத்தோவைச் சுற்றியுள்ள 47 ஹெக்டேரை லாங்க்ளோ என்கிறார்கள், லாதூரின் முதல் ஒயின் இந்தப் பாத்தியிலிருந்துதான். ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடி நிற்கிறது. அவ்வளவு நெருக்கம், அதனால் ஒவ்வொரு கொடியும் வேரைக் கீழே இறக்கித்தான் பிழைக்க வேண்டும், ஒரு கொடியில் பழமும் கொஞ்சம்தான்.

கிழக்கே சில நூறு மீட்டரில் ஜிரோந்த் கழிமுகம், பழுப்பு நிறத்தில், அக்கரை மங்கலாகத் தெரியும் அளவு அகலம். ஆற்றைப் பார்க்கும் கொடிதான் நல்ல ஒயின் தரும் என்பது மெதோக்கில் எல்லோரும் சொல்கிற பழைய சொல். வெறும் பேச்சில்லை அது. 2017 ஏப்ரலில் உறைபனி விழுந்து போர்டோவில் ஏகப்பட்ட தோட்டங்கள் கருகியபோது, ஆற்றை ஒட்டிய இந்த மேடுகள் பெரும்பாலும் தப்பித்தன. அவ்வளவு தண்ணீர் பக்கத்தில் இருந்தால் காற்று அந்த அளவுக்குக் குளிராது.

இரவு பொயாக்கில் தங்கல். படகுத்துறையில் நடந்தோம், கடைகள் சீக்கிரமே மூடிவிட்டன.

புதன், பொயாக்

இன்று ஒரு சின்ன ஷாத்தோ. 1855 பட்டியலில் இல்லாத ஒரு குடும்பத்துத் தோட்டம். மாமாவுக்குப் பழக்கமானவர்கள், வீட்டுப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மெர்லோ என்ற ரகத்தின் அறுவடை முடிந்துவிட்டது, கபர்னே இன்னும் கொடியில் தொங்குகிறது.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒரு கொத்திலிருந்து நாலைந்து பழம் பறித்து என் கையில் வைத்தார். சின்னப் பழம், நம் பன்னீர் திராட்சையில் பாதிகூட இருக்காது. "முழுங்கிடாதீங்க, தோலைத் தனியா மெல்லுங்க, அப்புறம் விதையை" என்றார். சதை இனிப்பு, நொடியில் கரைந்துவிட்டது. தோல் தடிப்பு, மெல்ல மெல்ல வாயில் மை மாதிரி நிறம் ஊறுகிறது. விதையைக் கடித்ததும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்துக்கொண்டன, கொட்டைப்பாக்கை வெறுமனே மென்றால் எப்படியோ அப்படி. அறுவடை நாளைக் குறிப்பதில் இந்த மெல்லுதலுக்குப் பெரிய பங்கு உண்டாம். விதை பச்சையாக இருந்தால் துவர்ப்பு முரடாக இருக்கும், பழுப்பாகி முறுகலாகக் கடிபட்டால் பறிக்கலாம்.

ஆயுளின் முதல் ரகசியம் இந்தச் சின்னப் பழத்திலேயே இருக்கிறது. பழம் சின்னதாக இருக்க இருக்க, சாற்றோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. புளிக்கும்போதும் அதன் பிறகு சில நாட்களும் சாறு தோலோடும் விதையோடும் ஊறி அதை இழுத்துக்கொள்கிறது. புளிப்பும் வேண்டும், அது இல்லாவிட்டால் ஒயின் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கிடங்கில் போன வருடத்து ஒயின் பீப்பாயில் தூங்குகிறது. ஒரு பீப்பாய் 225 லிட்டர், சுமார் 300 பாட்டில். ஓக் மரத்தின் வழியே மிகக் கொஞ்சமாகக் காற்று போய்வர, ஒன்றரை வருடம் போல இதிலேயே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றி, அடியில் தங்கிய கசடைக் கழுவிவிடுகிறார்கள். வெளிச்சத்துக்கு இன்றும் மெழுகுவர்த்தியைப் பிடிக்கிறார்கள், கண்ணாடிக் குவளையில் பிடித்த ஒயினுக்குப் பின்னால் சுடரைக் காட்டினால் கலங்கல் எப்போது வருகிறதென்று உடனே தெரியும். கடைசியில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினால் முரட்டு டானினில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்ததுதான் கனலே என்ற போர்டோ பலகாரம் என்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டோம், வெளியே கருகலாக மொறுமொறுப்பு, உள்ளே ரம் வாசனையோடு மெத்தென்று.

பீப்பாயிலிருந்து உறிஞ்சு குழாயில் எடுத்து ஒரு வாய் கொடுத்தார். ஊதாக் கறுப்பு. பழ வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆனால் வாய் முழுக்க வறண்டுவிட்டது. இந்த நிலையில்தான், அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், உலகம் முழுவதிலுமிருந்து விமர்சகர்களும் வியாபாரிகளும் வந்து ருசித்துவிட்டுப் போகிறார்கள், அதை வைத்து விலை குறித்து முன்கூட்டியே விற்கிறார்கள். பாட்டில் கைக்கு வர மேலும் ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். அப்புறம் அதைப் பதமாகும்வரை வைத்துக் காப்பது வாங்கியவர் பாடு.

லாதூர் 2012-இல் இந்த முறையிலிருந்து வெளியே வந்தது. 2011 விளைச்சல்தான் கடைசி, இனிமேல் எங்கள் பாதாள அறையிலேயே வைத்திருந்து, குடிக்கும் பதம் நெருங்கியதும் விற்போம் என்று அறிவித்தார்கள். வியாபாரிகள் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது சரியான முடிவு என்றே படுகிறது. கைமாறாத, ஒரே இடத்தில் ஒரே குளிரில் கிடந்த பாட்டில் என்ற உத்தரவாதம் பழைய ஒயினுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனால் வருடக்கணக்கில் பணத்தைப் பூட்டி வைக்க பினோ மாதிரி ஒரு பெரும் பணக்கார முதலாளி வேண்டும், 1993-இலிருந்து லாதூர் அவர் கையில்தான். இந்தக் குடும்பத்தால் அது முடியாது. அந்த அம்மாவே சொன்னார், "அடுத்த வருஷக் கூலிக்கே இந்த வருஷ ஒயினைத்தான் நம்பியிருக்கோம்."

வியாழன், சேன் எஸ்தெஃப்

லாஃபித்தைத் தாண்டி ஓடை ஒன்றைக் கடந்தால் மேட்டின்மேல் கோயில் கோபுரம் போன்ற ஒரு கட்டடம் தலை தூக்குகிறது. கோஸ் தெஸ்தூர்னெல். கீழை நாட்டுப் பாணிக் கூரைகள், கல்லில் யானைகள், சான்சிபாரிலிருந்து வந்த வேலைப்பாடு நிறைந்த மரக்கதவு. 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டிய லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் தன் ஒயினை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்களையும் பாட்டில்களையும் ருசித்துப் பார்த்தால், போனதைவிட நன்றாக இருந்ததாம்! கப்பலின் ஆட்டமும் வெயில் கடலின் சூடும் ஒயினைச் சீக்கிரம் முதிர வைத்தன என்று நம்பினார்கள், 'இந்தியா போய் வந்தது' என்ற பெயரிலேயே அதற்குத் தனி விலை கிடைத்தது. அவரையே சேன் எஸ்தெஃப்பின் மகாராஜா என்று அழைத்தார்கள்.

இன்று யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். சூட்டில் ஒயின் வேகமாக மாறும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேகத்தில் நல்ல வாசனைகளும் போய்விடும். நம் ஊருக்கு நல்ல பாட்டில் வாங்கிப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சென்னை மே மாதத்தில் அலமாரி மேல் வைத்த போர்டோ ஒயின், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், ஒரே கோடையில் வெந்துவிடும். 12 முதல் 14 டிகிரி குளிர், இருட்டு, ஓரளவு ஈரப்பதம், அதிர்வில்லாத இடம், கார்க் நனைந்தபடி இருக்கப் படுக்கை வசத்தில் பாட்டில். இதற்கெல்லாம் வழியில்லை என்றால் வாங்கிய சில மாதத்துக்குள் குடித்துவிடுங்கள்.

வெள்ளி, பொயாக்

நேற்று அந்த அம்மா மாமாவுக்குப் போன் செய்து மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பொயாக் ஆட்டுக்குட்டிக் கறி, பூண்டு போட்டு வதக்கிய காளான். மேசைமேல் அவர்கள் வீட்டு ஒயின் மூன்று: 2016, 1996, 1975.

பழைய கார்க்கை எடுப்பதே ஒரு கலை. சாதாரணத் திருகு போட்டால் உதிர்ந்துவிடும் என்று, இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவியைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து இறக்கினார் அவருடைய அண்ணன். பிறகு சுழற்றிக்கொண்டே மேலே இழுத்தார். கார்க்கின் அடிப்பக்கம் கறுத்துப் பளபளவென்று, மேல்பக்கம் பொடிகிற பதத்தில். மெழுகுவர்த்தியைப் பாட்டில் கழுத்துக்குக் கீழே வைத்து, நூல் போல டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். கடைசியில் கறுப்பாக மண்டி ஒரு கோடாகக் கழுத்தை நோக்கி வந்தது, அந்த நொடியில் நிறுத்திவிட்டார்.

அந்த மண்டிதான் இத்தனை வருட வேலையின் சாட்சி. டானினும் சிவப்பு நிறமிகளும் பாட்டிலுக்குள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டே போய், பெரிதாகி, ஒரு கட்டத்தில் கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிந்துவிடுகின்றன. நிறம் ஊதாவிலிருந்து மாதுளைச் சிவப்புக்கும் அங்கிருந்து செங்கல் நிறத்துக்கும் மாறுகிறது, துவர்ப்பு மெத்தென்று ஆகிறது, பழ வாசனை போன இடத்தில் வேறு வாசனைகள் வருகின்றன.

2016 அழகாக இருந்தது, ஆனால் இன்னும் மூடிக்கிடக்கிறது. 1996-ஐ மூக்கருகே கொண்டுபோனதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, பென்சில் சீவிய தூள், அடியில் இன்னும் அந்தக் கருந்திராட்சை வாசனை. விழுங்கி வெகுநேரம் கழித்தும் வாயில் இருந்தது. பட்டியலில் இடமில்லாத ஒரு தோட்டம், கிட்டத்தட்ட முப்பது வயது!

1975 வேறு கதை. துவர்ப்பு அப்படியே இருக்கிறது, பழச்சுவை போய்விட்டது. காய்ந்த மரத்தை நக்குவது போல. அவர்களே அதற்காகத்தான் திறந்தார்கள். 1975 போர்டோவில் டானின் கடுமையாக இருந்த வருடம், நீண்ட ஆயுள் நிச்சயம் என்று பலர் வாங்கி அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள், நிறைய பாட்டில்களில் துவர்ப்பு தணிவதற்குள் பழம் செத்துவிட்டது. இதற்கு நேர் எதிர் 1982. பீப்பாயிலேயே கொழுகொழுவென்று இனிமையாக இருந்ததால் இது நிலைக்காது என்று சில விமர்சகர்கள் சொன்னார்கள், அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நிலைக்கும் என்று அடித்துச் சொன்னார். நாற்பது வருடம் தாண்டியும் அதன் நல்ல ஒயின்கள் உயிரோடு இருக்கின்றன. ஆக, இளமையில் முரடாக இருப்பது மட்டும் நீண்ட ஆயுளுக்கு அடையாளம் ஆகாது. துவர்ப்பைவிடப் பழம் ஒரு நாளாவது அதிகம் வாழ வேண்டும். லாதூரின் பெருமை டானின் அதிகம் என்பதில் இல்லை, அவ்வளவு டானினையும் தாங்கிக் கடந்து போகிற அளவுக்குப் பழம் அதில் இருக்கிறது என்பதில்தான். 1928 லாதூர் பதமாக ஐம்பது வருடம் எடுத்துக்கொண்டது என்பார்கள். உறைபனியாலும் பூ உதிர்ந்ததாலும் விளைச்சல் சுருங்கிப்போன 1961-ஐ இன்றும் திறப்பவர்கள் கொண்டாடுகிறார்கள்.

சனி, போர்டோ

இங்கே சில கடைகளில் பெரிய ஒயின்களை வாய் அளவில் விற்கும் இயந்திரங்கள் உண்டு. பாட்டிலுக்குள் காற்றுக்குப் பதில் மந்த வாயு போவதால் திறந்த ஒயின் பல நாள் கெடாமல் இருக்கும். 25 மில்லி லாதூர் 2004 வாங்கினேன். பாட்டில் விலை பல நூறு யூரோ, எனக்குக் கட்டுப்படியாகாது, இந்த 25 மில்லிக்கே நல்ல ஹோட்டலில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். கொடுத்த காசு தகும். முதலில் இரும்பு, ஈரக்கல், அதற்குப் பின்னால் கருந்திராட்சை அடர்த்தியாக. கால் மணி நேரம் குவளையிலேயே வைத்திருந்தேன், தேவதாரு வாசனை அப்போதுதான் மெல்ல எழுந்தது. இருபது வயதைத் தாண்டிய ஒயின், இன்னும் தோள் தளரவில்லை. மாமாவுக்குப் பாதி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இது நம்மளவிட ரொம்ப நாள் இருக்கும் மாப்ள" என்றார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பழைய லாதூர், லாஃபித் பாட்டில்களில் நிறைய இப்போது யாரும் குடிக்காமலே கிடங்கு மாறிக் கிடங்கு விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. 1985-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787 லாஃபித் என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. அதைக் காட்சிக்கு வைத்தார்கள், விளக்குச் சூட்டில் கார்க் சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. அது அசலா என்ற சந்தேகம் வேறு பின்னால் பெரிய வழக்குகள் வரை போனது. ஒரு தோட்டம் அவ்வளவு பாடுபட்டு ஐம்பது வருடம் தாங்கும் ஒயினைச் செய்வது யாரோ ஒரு நாள் திறப்பார்கள் என்றுதானே.

வாங்க நினைக்கிறவர்களுக்கு, ஒரு வாரம் பேசியதில் எனக்குப் பட்டது: 2005, 2009, 2010, 2016 பெரிய ஆண்டுகள், முதல் படி ஒயின் என்றால் பொறுமையும் பணமும் நிறைய வேண்டும். இப்போதே திறந்து ரசிக்க 2001, 2004, 2008, 2012, 2014 போன்ற அமைதியான ஆண்டுகளைத் தேடுங்கள், விலையும் இறங்கி வரும். லாதூர் எட்டாது என்றால் அவர்களுடைய இரண்டாவது ஒயின் லெ ஃபோர் த லாதூர், அதுவும் எட்டாது என்றால் பட்டியலுக்கு வெளியே உள்ள பொயாக் குடும்பத் தோட்டங்கள். நான் வாங்கியது அந்த அம்மாவின் 2016, ஆறு பாட்டில். மாமா வீட்டுப் பாதாள அறையில் வடக்குச் சுவரோரம் படுக்கவைத்தாகிவிட்டது. முதல் பாட்டிலை 2030-க்கு முன்னால் தொடக்கூடாது என்று பெட்டிமேல் மாமாவே சாக்பீஸில் எழுதிவிட்டார்.